தோப்பு மாமனாருடையது, வசூல் கணவர் கணக்கில்; கடன் மட்டும் என் பெயரிலா?

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 39. திருமணமாகி 16 ஆண்டுகள். மாமனாருக்கு ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. வெள்ளை ஈயும் வாடல் நோயும் வந்து காய்ப்புக் குறைந்தபோது, தோப்பு வீட்டை ஒட்டி மூன்று அறைகள் கட்டி நகரத்து விருந்தினர்களைத் தங்க வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் இவர்தான். 2018-இல் கட்டினார்கள். இவருடைய 24 பவுன் நகை முதலில் அடகுக்குப் போனது. பிறகு மீட்க முடியாமல் விற்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் மூடிக் கிடந்த இடம், இப்போது சனி ஞாயிறுகளில் அறை கிடைக்காத அளவுக்கு ஓடுகிறது. முன்பதிவுக்குப் போனில் பேசுவது, சமையல், விரிப்புகளைத் துவைப்பது, விருந்தினர் வீட்டுக் குழந்தைகளைத் தோப்புக்குள் அழைத்துப் போவது எல்லாம் இவரும் மாமியாரும். இணையத்தில் வரும் பாராட்டுகளில் இவர் பெயர் இருக்கிறது. பணம் கணவர் கணக்குக்குப் போகிறது. அந்த வருமானத்தில் 2023-இல் பக்கத்திலேயே 40 சென்ட் இடம் கணவர் பெயரில் வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது சென்னையில் இருக்கும் கொழுந்தனார் பாதி கேட்கிறார். தோப்பில் மட்டுமல்லாமல் அறை வருமானத்திலும். கணவரோ நீச்சல் குளமும் இன்னும் நான்கு அறைகளும் கட்டத் திட்டமிடுகிறார். பெண்களுக்கு மானியம் அதிகம் என்பதால் மனைவி பெயரில் கடன் வாங்கலாம் என்கிறார். வாசகி கேட்கிறார்: “கடன் என் பெயரில் வந்தால் தொழிலும் என் பெயருக்கு வந்துவிடும் அல்லவா? 16 வருடம் உழைத்த எனக்குத் தோப்பில் பங்கு உண்டு அல்லவா? எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றால், ஒரே குடும்பத்துக்குள் எதற்குப் பேப்பர் என்கிறார் கணவர். நான் கேட்பது தப்பா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தப்பில்லை. உங்கள் மாமனார் பட்டாவையும் தாய்ப் பத்திரத்தையும் பீரோவில் பூட்டித்தான் வைத்திருப்பார். அவருடைய அண்ணன் தம்பிகளுக்குள் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரமும் அதிலேயே இருக்கக்கூடும். பேப்பரை மதிக்காத விவசாயக் குடும்பம் எதையும் நான் பார்த்ததில்லை. மருமகள் கேட்கும்போது மட்டும் அது அவமானமாகிவிடுகிறது.

ஒன்றை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காட்டு வேலைக்குக் கூலி உண்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் நடக்கும் வேலைக்குக் கூலி என்று யாரும் நினைத்ததில்லை. பண்ணைச் சுற்றுலாவில் விருந்தினர் காசு கொடுப்பது பெரும்பாலும் அந்த வீட்டு வேலைக்குத்தான்: சுத்தமான விரிப்பு, நேரத்துக்குச் சாப்பாடு, முகம் சுளிக்காத பேச்சு. தென்னை மரம் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. உங்கள் தோப்பைத் தேடி வருவது நீங்களும் உங்கள் மாமியாரும் நடத்தும் விதத்துக்காக. வேலைக்கு விலை வந்துவிட்டது, ஆனால் உங்கள் வீட்டில் அது இன்னும் “வீட்டு வேலை” என்றே கணக்காகிறது. இது உங்கள் வீட்டுக் குறை மட்டுமல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நில உடைமைகளில் பெண்கள் பெயரில் இருந்தவை சுமார் 14 சதவீதம். களத்தில் நிற்கும் பெண்களின் எண்ணிக்கைக்கும் இந்த எண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்பதை நீங்களே அறிவீர்கள்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. தோப்பு, அறைகள், தொழில் ஆகிய மூன்றும் சட்டத்தின் பார்வையில் மூன்று தனிச் சொத்துகள். ஒவ்வொன்றிலும் உங்கள் நிலை வேறு.

தோப்பில் யாருக்கு எவ்வளவு

இது உங்களுக்கு வருத்தம் தரும். மருமகள் என்ற முறையில் மாமனாரின் நிலத்தில் உங்களுக்குப் பங்கு கிடையாது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்த உழைப்பு பட்டாவில் ஏறாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது பொருந்தக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. சட்ட நடைமுறை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது என்பதுதான் அதன் பொருள். நிலத்துக்கு உங்களை உரிமையாளர் ஆக்க அது உதவாது.

கொழுந்தனார் கேட்கும் பாதியும் தவறான கணக்குதான். உங்கள் கணவரும் அவரும் ஆளுக்குப் பாதி என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். 2004-இல் திருமணமாகிப் போன நாத்தனார் ஒருவர் இருக்கிறார் என்பது கடிதத்தில் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. அவரை மறந்துவிட்டு எந்தப் பங்கையும் எழுத முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

தோப்பு மாமனார் சுயமாகச் சம்பாதித்து வாங்கியது என்றால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். உயில் இல்லாமல் அவர் காலமானால் மாமியார், இரண்டு மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. பரம்பரையாக வந்த கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் கணக்கு மாறும். தமிழ்நாட்டில் 1989 திருத்தமே அப்போது திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கு மகன்களோடு சம உரிமை கொடுத்தது. 2005-இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் அது வந்தது. எனவே இப்போதே மாமனார், இரண்டு மகன்கள், மகள் என்று நான்கு பங்கு. உயில் இல்லாமல் மாமனார் காலமானால் அவருடைய கால் பங்கு மறுபடியும் நான்காகப் பிரியும். பிள்ளைகள் மூவருக்கும் 16-இல் ஐந்து பங்கு வீதம் வரும். மாமியாருக்கு 16-இல் ஒன்று.

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். மாமியாரைப் பற்றி “மாமனார் பக்கம்தான் பேசுவார்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். உங்களுக்கு முன்பிருந்தே அந்தத் தோப்பில் பாடுபடுகிற அவருடைய நிலையும் உங்கள் நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பேச்சை அவரிடமிருந்து தொடங்குங்கள் என்று சொல்வேன். மருமகள் மட்டும் கேட்டால் சண்டை என்பார்கள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து கேட்டால் அதற்கு அந்தப் பெயரை வைப்பது கடினம்.

அறைகள், 24 பவுன், 40 சென்ட்

திருமணத்தின்போது உங்களுக்குத் தந்த நகை சீதனம். அது முழுக்க உங்களுடையது. கணவருக்கு அதில் பங்கு இல்லை, அவசரத்துக்கு எடுத்துப் பயன்படுத்தினால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985-லிருந்து சொல்லி வருகிறது. 2024-இலும் மறுபடி சொன்னது. ஆகவே, 24 பவுனை நீங்கள் “குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன்” என்று எழுதியிருப்பதை ஏற்க மாட்டேன். தானமாகக் கொடுத்தீர்களா, தொழிலில் முதலாகப் போட்டீர்களா என்பதுதான் நாளை கேள்வியாகும். இரண்டாவதுதான் நடந்தது என்றால் அதற்குத் தடயம் வேண்டும். அடகு வைத்தது யார் பெயரில்? பணம் எந்தக் கணக்கில் விழுந்தது? நகையை விற்ற பில் இருக்கிறதா? கொத்தனாருக்கும் சிமெண்ட் கடைக்கும் போன பணத்தின் வங்கிப் பதிவுகள், அப்போதைய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் இப்போதே எடுத்துத் தேதி வரிசையில் வையுங்கள். போனை மாற்றினால் பழைய செய்திகள் போய்விடும்.

நிலம் ஒருவருடையது, அவர் சம்மதத்தோடு அதில் இன்னொருவர் செலவழித்து நிரந்தரக் கட்டடம் எழுப்பினார் என்றால், கொடுத்த அனுமதியை நினைத்தபோது திரும்பப் பெற முடியாது என்கிறது 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு. மாமனாரோ அவருக்குப் பின் வாரிசுகளோ “அறைகளைக் காலி செய்” என்றால் தற்காப்புக்கு இது உதவும். செலவழித்தது நீங்கள்தான் என்று காட்ட வேண்டும்; மறுபடியும் அந்த ரசீதுகளிடம்தான் வந்து நிற்கிறோம்.

அந்த 40 சென்ட் வேறு விஷயம். கணவர் திருமண வாழ்க்கைக்குள் சம்பாதித்து வாங்கியது அது. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு வழக்கில், அப்படி வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. நீங்கள் வீட்டையும் பார்த்து, வருமானத்தையும் ஈட்டியவர். உங்கள் வாதம் இன்னும் வலுவானது. ஆனால் அதை வழக்குப் போட்டுத்தான் பெற வேண்டும் என்ற நிலைக்குப் போகாதீர்கள். கணவர் மனமிசைந்து பாதியை உங்கள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டும் விற்பனைப் பத்திரத்தைவிட மிகக் குறைவு.

தொழில் யாருடையது

உங்கள் கை ஓங்கி இருப்பது இங்கேதான். கடிதத்தில் இதைப் பற்றித்தான் குறைவாகக் கேட்டிருக்கிறீர்கள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு தொழிலை நடத்தினால் தாமாகவே பங்குதாரர்கள் ஆகிவிடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் இதைத் தெளிவாக மறுக்கிறது: கூட்டாண்மை ஒப்பந்தத்தால் வருவது, உறவால் வருவதல்ல. இன்றைய நிலையில் உணவுப் பாதுகாப்புப் பதிவு, கியூஆர் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் கணவர் பெயரில் இருப்பதால், வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் அது அவருடைய தனித் தொழில். நீங்கள் சம்பளம் இல்லாத உதவியாளர்.

மாதச் சம்பளம் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் ஒழுங்காகப் பணம் வரும் என்பது அதன் நன்மை. ஆனால் சம்பளம் வாங்குபவர் ஊழியர். தொழில் வளர்ந்தால் அந்த வளர்ச்சியில் அவருக்கு உரிமை இல்லை. தொழிற்கல்வித் தகுதி ஏதும் இல்லாத மனைவிக்குக் கணவரின் தொழிலிலிருந்து தரும் சம்பளத்தை வருமான வரிச் சட்டம் கணவரின் வருமானத்தோடே சேர்த்துக் கணக்கிடும் என்பதால் வரியும் மிச்சமாகாது. எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை.

நான் சொல்வது இரண்டு பத்திரங்கள். முதலாவது, நீங்கள், கணவர், மாமியார் மூவரும் பங்குதாரர்களாக எழுதிப் பதிவு செய்யும் கூட்டாண்மைப் பத்திரம். அதில் யார் என்ன வேலை செய்கிறார், யாருக்கு எத்தனை சதவீதம், நீங்கள் முதலாகப் போட்ட 24 பவுனின் மதிப்பு, ஒருவர் விலகினால் கணக்கு எப்படித் தீர்ப்பது என்பதெல்லாம் இருக்க வேண்டும். பத்திரத்தை எழுதிவிட்டுப் பதிவு செய்யாமல் விடாதீர்கள். பதிவு செய்யாத நிறுவனத்தின் பங்குதாரர், ஒப்பந்த உரிமையை நிலைநாட்ட வழக்குத் தொடர முடியாது. இதில் ஒரு குறையும் உண்டு: கூட்டாண்மை நிறுவனத்தின் லாபத்துக்கு 30 சதவீத வரி முதல் ரூபாயிலிருந்தே தொடங்கும். உழைக்கும் பங்குதாரர்களுக்கு வரம்புக்கு உட்பட்டுத் தரும் ஊதியத்தைக் கழித்த பிறகுதான் அந்த லாபக் கணக்கு என்பதால், உங்கள் அளவில் அது பெரிய சுமையாக இருக்காது. ஓர் ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமை அதிகம் என்று அவர் சொன்னால் உங்கள் தனிப் பெயரில் தொழிலைப் பதிவு செய்து, கணவருக்கும் மாமியாருக்கும் ஊதியம் தரலாம். கணவர் இதற்கு எளிதில் சம்மதிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை!

இரண்டாவது, அறைகள் இருக்கும் பகுதிக்கு மாமனார் அந்த நிறுவனத்துக்கு எழுதித் தரும் நீண்ட கால வாடகை ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். தோப்பு பரம்பரைச் சொத்தாக இருந்தால் கொழுந்தனாரும் நாத்தனாரும் அதில் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று அறைக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றலாம். கொழுந்தனார் விவகாரம் தீர்வது இதில்தான். நிலத்தில் அவருக்குப் பங்கு இருக்கிறது. அதை மறுப்பது நியாயமில்லை. விருந்தினருக்குச் சமைத்ததில் அவருக்குப் பங்கு இல்லை. நிலத்துக்கு வாடகை போய்விட்டால் அவருக்குச் சேர வேண்டியது அந்த வாடகையின் வழியே போய்ச் சேரும். மீதி வருமானத்தைப் பற்றிப் பேச அவருக்கு இடமிருக்காது. நாளை தோப்பைப் பாகம் பிரித்தாலும், ஒப்பந்தக் காலம் முடியும் வரை அறைகளை நடத்தும் உரிமை நிறுவனத்திடம் இருக்கும்.

உங்கள் இடத்தின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். விருந்தினர் தேடுவது அந்தப் பெயரைத்தான். தங்குமிடம், உணவுச் சேவைகளுக்கான 43-ஆம் வகுப்பில் நிறுவனத்தின் பெயரில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாம். முன்பதிவுத் தளங்களின் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் என்பதையும் இன்றே பாருங்கள்.

கடன்

கடன் உங்கள் பெயரில் வந்தால் தொழில் உங்களுடையதாகாது. பொறுப்பு மட்டும்தான் உங்களுடையதாகும். கணவர் சொல்லும் திட்டத்தில் கடன் உங்கள் பெயரில், கட்டடம் மாமனார் நிலத்தில், வசூல் கணவர் கணக்கில். தவணை தவறினால் வங்கி உங்களைத்தான் தேடும். உங்கள் கடன் மதிப்பெண்தான் கெடும். மேலே சொன்ன ஏற்பாடுகள் முடியும் முன் விண்ணப்பத்தில் கையெழுத்திடாதீர்கள்.

இதைக் கணவருக்கு எதிரான வேலையாக நினைக்க வேண்டாம். அவர் ஏமாற்றுகிறார் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை. அவர் வளர்ந்த வழக்கத்தில் பணம் ஆணின் கணக்கில் இருப்பது இயல்பு, அவ்வளவுதான். அவருக்கு உங்கள் கையெழுத்து தேவைப்படும் இந்த நேரம்தான் நிதானமாகப் பேச ஏற்றது. மானியத் திட்டங்கள் உண்மையாகவே பெண் நடத்தும் தொழிலைத்தான் கேட்கின்றன; உங்கள் வீட்டில் உண்மை அப்படித்தான் இருக்கிறது, பேப்பர்தான் வேறு மாதிரி இருக்கிறது. பேப்பரைச் சரி செய்வது கடனுக்கே நல்லது என்று சொல்லுங்கள். மானியம் உடனே கைக்கு வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் என்பது உண்மை. ஆனால் அந்தத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக நிற்கும். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கும். உங்கள் பெயரில் ஒரு முறை எடுத்துவிட்டால், பிற்பாடு வேறு தொழிலுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நீச்சல் குளம் பற்றி என் கருத்தைக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், இப்போது வேண்டாம். அந்தத் தண்ணீரை எந்த மோட்டார் இறைக்கும்? தோப்பின் இலவச மின் இணைப்பிலிருந்து என்றால், அதை வணிகப் பயன்பாடாகக் கருதி மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி இரு மடங்குக் கட்டணம் விதிப்பார்கள். பெயருக்கு நீங்கள் உரிமையாளர் ஆகிவிட்டால் அந்த நோட்டீஸும் உங்களுக்கே வரும். அறைகளுக்கு இப்போதே அந்த இணைப்பிலிருந்து ஒயர் இழுத்திருந்தால் முதல் வேலையாக வணிக இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். தோப்பில் இருப்பதால் அறை வாடகையும் விவசாய வருமானம், வரி இல்லை என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தேங்காய் விற்ற பணத்துக்கு அது சரி. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வரி உண்டு. கட்டட அனுமதி, சுற்றுலாத் துறையில் பதிவு இவையும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தகவல் தர வேண்டும்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், கேள்வியாகக்கூட இல்லாமல், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 13 வயது மகள் இரவு பத்து மணிக்கு விருந்தினர்களுக்குத் தட்டு எடுத்துப் போகிறாள், அவர்களில் சிலர் குடித்திருக்கிறார்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத் தொழிலில் உதவுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த விலக்கு இதற்காக எழுதப்பட்டதல்ல. இரவு ஏழு மணிக்குப் பிறகு மகள் அந்தப் பக்கம் போக வேண்டாம். சம்பளத்துக்கு ஓர் ஆள் வையுங்கள். அந்தச் செலவு தொழிலின் கணக்கில் ஏறட்டும். மது அருந்தக் கூடாது, அல்லது இத்தனை மணிக்கு மேல் உணவு கிடையாது என்ற விதியை முன்பதிவின்போதே எழுத்தில் அனுப்புங்கள். வாரத்தில் இரண்டு பேர் வராமல் போவார்கள். போகட்டும்.

வழக்குத் தொடரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். யாரும் உங்கள் உரிமையை இன்னும் மறுக்கவில்லை, யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை என்பதுதான் நிலைமை. கணவரோ மாமனாரோ பத்திரம் எழுத முடியவே முடியாது என்று நின்றால் அப்போது பார்க்கலாம். அதற்குமுன் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது தோப்பின் பட்டா நகல், வில்லங்கச் சான்று, நகை அடகு ரசீது, 40 சென்ட் இடத்தின் கிரயப் பத்திர நகல், கடந்த மூன்று ஆண்டு வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள்.